பள்ளிக்குப் போக முடியாமல் தவிக்கும் வளரிளம் பிள்ளைகள்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேல்நிலை வகுப்புகளுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தியவன் நான். இப்போது, பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்ட மாணவர்களின் வீட்டாரோடு உட்கார்ந்து பேசுவதே என் முதன்மையான வேலையாக இருக்கிறது. கொரோனாவால் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்பதாம் வகுப்பு முதல் 2021 செப்டம்பரில் மீண்டும் திறந்த நாள்முதல் ஒரே ஐயங்களைப் பல வீடுகளில் கேட்டு வருகிறேன். கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

"தினமும் காலையில் வயிறு வலிக்கிறது என்கிறான். பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வலியே இல்லை. நடிக்கிறானா?"

இல்லை, வலி உண்மையானது. அச்சம் எழும்போது உடல் ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ ஆயத்தமாகிறது. அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கிறது, செரிமானத்துக்குப் போகும் இரத்தம் குறைகிறது. குமட்டல், வயிற்றைப் பிசைவது, அடிக்கடி கழிப்பறைக்குப் போவது, தலைவலி, உள்ளங்கை வியர்ப்பது எல்லாம் இதனால் வருபவை. தேர்வு நாளில் நமக்கும் வயிற்றைக் கலக்கியிருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு அது வாரத்தில் ஐந்து நாளும் காலை ஏழரை மணிக்கு நடக்கிறது. பள்ளி வேன் தெருமுனையைத் தாண்டிய பிறகு ஆபத்து நீங்கிவிட்டதாக உடல் எடுத்துக்கொள்வதால் வலியும் அடங்கிவிடுகிறது. ஆகவே நேரம் பார்த்து வந்து போகும் வலியை அச்சத்தின் அடையாளமாகக் கொள்ளுங்கள்.

இருந்தாலும் ஒருமுறை முறையாக மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, ஒற்றைத் தலைவலி, கடுமையான மாதவிடாய் வலி போன்றவை இருந்தால் அவற்றுக்குத் தனியே மருத்துவம் வேண்டும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் இன்னொரு ஸ்கேன், இன்னொரு டாக்டர் என்று அலைந்தால், தன் உடலில் ஏதோ பெரிய கோளாறு இருப்பதாகவே பிள்ளை நம்பத் தொடங்கும்.

"இதுவும் கட் அடிப்பதும் ஒன்றுதானே?"

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலத் தெரியும். கட் அடிக்கும் மாணவன் வீட்டுக்குத் தெரியாமல் வேறெங்கோ போகிறான், பள்ளி என்றால் அவனுக்குப் பெரிய பயமும் இல்லை. நாம் பேசும் பிள்ளையோ வீட்டிலேயே இருக்கிறது, பெற்றோருக்கும் தெரிகிறது. முதல் நாள் இரவு பையை அடுக்கிவைத்துவிட்டு "நாளைக்குக் கண்டிப்பாகப் போவேன்" என்று மனமாரச் சொல்கிறது, மறுநாள் செருப்பை மாட்டும்போது உடல் நடுங்குகிறது. இரவில் சொன்ன சொல் பொய்யில்லை. காலையில் அதை நிறைவேற்ற முடியாததால் தன்னையே வெறுக்கவும் தொடங்குகிறது. "போக மாட்டேன்" என்று அது சொன்னாலும் "போக முடியவில்லை" என்று நீங்கள் கேட்டுக்கொண்டால், பிறகு நீங்கள் பேசும் விதமே மாறிவிடும்.

"நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெண். திடீரென்று ஏன் இப்படி? எங்கள் வளர்ப்பில் குறையா?"

வளர்ப்பில் குறை தேடுவதால் ஒரு நாள் வருகைகூடக் கூடப்போவதில்லை. கிறிஸ்டோபர் கியர்னி, வெண்டி சில்வர்மன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் 1990-இல் இதை நான்காகப் பகுத்துச் சொன்னார்கள்: பள்ளியில் ஏற்படும் இனம்புரியாத பதற்றத்திலிருந்து விலகுவது, பிறர் முன்னால் மதிப்பிடப்படும் தருணங்களிலிருந்து தப்புவது, வீட்டில் ஒருவரின் அருகாமையைத் தேடுவது, வெளியே கிடைக்கும் இன்பங்களை நாடுவது. முதல் இரண்டும் ஒன்றை விட்டு ஓடுவது, அடுத்த இரண்டும் ஒன்றை நோக்கிப் போவது. வளரிளம் பருவத்தில் நான் மிகுதியாகப் பார்ப்பது இரண்டாவது வகையைத்தான். ஒரே பிள்ளையிடம் இரண்டு மூன்று காரணங்கள் பின்னிக் கிடப்பதும் உண்டு.

"ஏன்" என்று கேட்டால் பெரும்பாலும் "தெரியலை" என்ற பதில்தான் வரும், அதுவும் உண்மைதான். அதனால் காரணத்தைக் கேட்பதைவிட நாட்களைப் பார்ப்பது பயன் தரும். ஒரு மாணவியின் வருகைப் பதிவேட்டை அவள் அம்மாவும் நானும் விரித்து வைத்துப் பார்த்தபோது, தொடக்கத்தில் அவள் விடுப்பு எடுத்த நாட்கள் 7, 17, 27 என்று விழுந்திருந்தன. அவளுடைய வரிசை எண் 17. இன்றைக்கு என்ன தேதியோ அந்த எண்ணுக்குரியவரையும், அந்தத் தேதியின் கடைசி இலக்கத்தில் வரிசை எண் முடிகிறவர்களையும் எழுப்பிக் கேள்வி கேட்பது அந்த வகுப்பு ஆசிரியர் ஒருவரின் வழக்கம். எழுந்து நின்றால் அவளுக்குக் குரல் எழும்பாது. மாதத்துக்கு மூன்று நாளாக இருந்தது, மெல்ல அந்தப் பாடவேளை உள்ள எல்லா நாட்களுக்கும் பரவி, பிறகு வாரம் முழுவதையும் விழுங்கிவிட்டது. வீட்டிலோ "மார்க் குறைந்ததால் இப்படி ஆகிவிட்டாள்" என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படித் தேடினால் வேறு பலவும் தென்படும். தமிழ் வழியில் பத்து வரை படித்துவிட்டுப் பிளஸ் ஒன்னில் ஆங்கில வழிக்கு மாறியது, விடைத்தாளைக் கொடுக்கும்போது மதிப்பெண்ணை உரக்க வாசிப்பது, வேனில் பின் இருக்கைக்காரர்களின் சீண்டல், சாதிப் பெயரைச் சொல்லிப் பேசும் பேச்சு, நெருங்கிய தோழி வேறு பிரிவுக்குப் போனது ஆகியவை நான் கண்டவற்றில் சில. கழிப்பறையில் தண்ணீர் இல்லாததால் மாதவிடாய் நாட்களில் வர அஞ்சும் பெண் பிள்ளைகள் உண்டு. அடையாளம் காணப்படாத கற்றல் குறைபாடும் இதற்குள் ஒளிந்திருக்கலாம். முறையாகச் சோதித்துச் சான்று பெற்றால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்கும்.

"நாலு அடி போட்டு இழுத்துக்கொண்டு போய் விட்டால் சரியாகிவிடும் என்கிறார் என் கணவர்."

முதல் நாள் போய்விடும், அதனால்தான் இந்த வழி பலருக்குச் சரி என்று தோன்றுகிறது. ஆனால் பள்ளி என்றால் பயம் என்று இருந்த பிள்ளைக்கு இப்போது வீடும் பயமாகிவிடுகிறது. அடுத்த வாரம் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொள்ளும், இல்லையென்றால் பாதி வழியில் இறங்கிவிடும். பள்ளியில் அடித்தால் அது சட்டத்துக்கும் எதிரானது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது.

அப்பா கண்டிப்பு, அம்மா இரக்கம் என்று வீடு இரண்டாகப் பிரிந்து நிற்பதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். இரண்டு பேருமே பிள்ளைக்கு நல்லதைத்தான் நினைக்கிறார்கள். நாளைக் காலை என்ன செய்வது என்பதை இரவே இருவரும் தனியாகப் பேசி ஒன்றை முடிவு செய்யுங்கள். அது அரைகுறையான முடிவாக இருந்தாலும், காலையில் இருவரும் ஒரே சொல்லைச் சொல்வது இருவரும் சரியான வாதங்களை வைத்துச் சண்டையிடுவதைவிட நல்லது.

"அப்படியென்றால் மனம் சரியாகும்வரை வீட்டிலேயே விட்டுவிடலாமா?"

அதுவும் கூடாது. பள்ளிக்குப் போகவில்லை என்றதும் உடனே ஒரு பெரிய நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே மறுநாளும் போகாமல் இருக்கச் சொல்லித் தருகிறது. விலகியிருக்கும் ஒவ்வொரு நாளும் விட்டுப்போன பாடம் கூடுகிறது, "ஏன் வரவில்லை" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கடினமாகிறது, அஞ்சிய இடம் மனத்துக்குள் இன்னும் பெரிதாக வளர்கிறது. பதற்றம் என்பது ஏறி, உச்சியில் சிறிது நேரம் நின்று, தானாகவே இறங்கும் தன்மையுடையது. உச்சியில் இருக்கும்போது ஓடிவிடுகிற பிள்ளைக்கு அது இறங்கும் என்பதை அறியும் வாய்ப்பே கிடைப்பதில்லை.

ஆகவே தாங்கக்கூடிய அளவு சிறிய ஒன்றைச் செய்து, பதற்றம் ஓரளவு இறங்கும்வரை அங்கேயே இருந்துவிட்டு வர வேண்டும். எத்தனை சிறியதாக இருந்தாலும் பள்ளியோடு இருக்கும் இழை அறுந்துவிடக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

"சிறிய ஒன்று என்றால் எவ்வளவு சிறியது? எதிலிருந்து தொடங்குவது?"

பிள்ளையால் பத்துக்கு ஏழு முறையாவது செய்ய முடியும் என்று தோன்றுகிற அளவிலிருந்து தொடங்க வேண்டும். ஏழு வாரம் பள்ளிக்கே போகாத பிளஸ் ஒன் மாணவன் ஒருவன் எப்படித் திரும்பினான் என்று சொல்கிறேன். முதல் வாரம் அவன் செய்ததெல்லாம் காலை எட்டு மணிக்குச் சீருடை போட்டுத் திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்ததுதான். இரண்டாவது வாரம் மாலை ஆறு மணிக்கு, ஆளில்லாத நேரத்தில், அப்பாவின் டூவீலரில் பள்ளி வாசல்வரை போய்ப் பூட்டிய கேட்டுக்கு எதிரே ஒரு டீ குடித்துவிட்டு வந்தான். மூன்றாவது வாரம் வகுப்பு நடக்கும் நேரத்தில் நூலகத்தில் ஒரு மணி நேரம் இருந்தான். பிறகு பிரேயரைத் தவிர்த்து இரண்டாம் பாடவேளைக்கு, தனக்குப் பிடித்த வேதியியல் ஆய்வகத்துக்கு மட்டும் போனான். அதற்கடுத்து மதிய உணவுவரை இருந்தான். நடுவில் இரண்டு முறை வாசலோடு திரும்பியதும் உண்டு. அந்த நாட்களில் அவன் அப்பா எதுவும் சொல்லாமல் வண்டியைத் திருப்பினார், மறுநாள் ஒரு படி கீழே இறங்கி அங்கிருந்து தொடர்ந்தார். முழு நாள் இருக்கப் பதினோரு வாரம் ஆயிற்று.

படிகளைப் பிள்ளையோடு சேர்ந்தே எழுதுங்கள், வரிசையை அவனே தீர்மானிக்கட்டும். எது மிகக் கடினம் என்பது நமக்குத் தெரியாது. முழுத் தேர்வையும் எழுதத் துணியும் பிள்ளை, மதிய உணவு நேரத்தில் யாரோடு உட்காருவது என்பதற்கு நடுங்கலாம். காலையில் பேரம் பேச வேண்டாம். "ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது என்று தெரிகிறது, இன்றைக்குப் பேசி வைத்தது நூலகம் மட்டும்தான், நான் வெளியே இருக்கிறேன்" என்ற அளவில் பேச்சு நின்றால் போதும். அறிவுரைக்கு மாலை நேரம் இருக்கிறது.

"போகாத நாளில் வீட்டில் என்ன செய்ய விடுவது? போனைப் பிடுங்கிவிடலாமா?"

பள்ளி நேரத்தில் வீடு சற்றுச் சலிப்பாக இருக்கலாம், ஆனால் தண்டனைக் கூடமாக இருக்கக் கூடாது. எழும் நேரம், குளியல், உணவு எல்லாம் பள்ளி நாள் போலவே நடக்கட்டும். பள்ளி நேரத்தில் போனும் டிவியும் வேண்டாம் என்பதைக் கோபமின்றி, எல்லா நாளும் ஒரே மாதிரி கடைப்பிடியுங்கள். அன்றைய பாடத்தில் ஒன்றையாவது எழுதச் சொல்லலாம், வீட்டு வேலையில் ஒன்றைக் கொடுக்கலாம். மாலை நான்கு மணிக்குப் பிறகு நண்பர்களோடு பேசுவதைத் தடுக்காதீர்கள். வகுப்புத் தோழர்களோடு தொடர்பு அறுந்தால் திரும்பிப் போவது இன்னும் கடினம்.

இரவுதான் இதில் முக்கியம். இந்த வயதில் உடலின் கடிகாரமே பின்னோக்கித் தள்ளிப்போவதால் தூக்கம் தாமதமாகத்தான் வரும், ஆனால் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. இரண்டு மணிவரை போன் பார்த்துவிட்டு ஆறு மணிக்கு எழுப்பப்படும் பிள்ளைக்கு, அச்சம் எதுவுமில்லாவிட்டாலும் காலையில் தலை சுற்றும். இரவு பத்து மணிக்கு மேல் வீட்டில் எல்லாருடைய போனும் கூடத்தில் இருக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து.

"பள்ளியில் என்ன கேட்பது? கேட்டால் டிசி கொடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது."

வகுப்பாசிரியரிடம் தனியாக நேரம் கேட்டுப் போங்கள், குறை சொல்லும் குரலில் தொடங்க வேண்டாம். நான்கு உதவிகளைக் கேட்கலாம்: பிள்ளை தேடிப் போகக்கூடிய ஓர் ஆசிரியர், பதற்றம் மிகுந்தால் கேட்காமலே போய்ப் பத்து நிமிடம் உட்கார ஓர் இடம், சில வாரங்களுக்குத் திடீரென எழுப்பிக் கேள்வி கேட்காதிருப்பது, விட்டுப்போன பாடத்தில் அவசியமானதை மட்டும் முடித்தால் போதும் என்ற இசைவு. ஐந்தாவதாக ஒன்றும் உண்டு, அதைக் கேட்கப் பெற்றோருக்குத் தயக்கமாக இருக்கும் என்பதால் ஆசிரியர்களுக்கு நானே சொல்கிறேன். நீண்ட நாள் கழித்து வரும் மாணவனைப் பார்த்து "வாங்க சார், வழி தெரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். நான் ஒருமுறை அப்படிக் கேட்டேன். வகுப்பு சிரித்தது, அவனும் சிரித்தான், மறுநாள் வரவில்லை. அவன் அன்று வாசலைத் தாண்டி வர எவ்வளவு பாடுபட்டிருப்பான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

"டிசி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று வாய்மொழியாகச் சொன்னால் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மருத்துவச் சான்றோடு எழுத்தில் விடுப்பும் உதவியும் கேளுங்கள், நகலில் ஒப்புதல் வாங்கி வையுங்கள். வழி பிறக்கவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்தை அணுகலாம், பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

"பள்ளியை மாற்றினால்? ஹாஸ்டலில் சேர்த்தால் ஒழுங்காகிவிடுவான் என்கிறார்களே?"

அச்சத்துக்குக் காரணம் அந்தப் பள்ளியிலேயே இருக்கிறது, அதைச் சரிசெய்யவும் அவர்கள் ஆயத்தமாக இல்லை என்றால் மாற்றுவதில் தவறில்லை. காரணம் தெரியாமல் மாற்றினால், முதல் இரண்டு வாரம் நன்றாகப் போய், பிறகு அதே காலை திரும்பி வரும். பழகிய முகம் ஒன்றுகூட இல்லாத இடத்தில் அதைத் தாங்குவது இன்னும் கடினம். ஹாஸ்டலைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: பதற்றத்தோடு இருக்கும் பிள்ளையை, அதிகாலை முதல் இரவுவரை படிப்பு மட்டுமே நடக்கும் உறைவிடப் பள்ளியில் அதன் விருப்பத்துக்கு மாறாகச் சேர்க்காதீர்கள். அங்கிருந்து ஓடி வருவதற்கு வழி இருக்காது, சொல்லி அழுவதற்கு ஆளும் இருக்காது.

"மாமியார் திருஷ்டி என்கிறார். தர்காவில் மந்திரித்துத் தாயத்துக் கட்டலாமா?"

பாட்டி திருஷ்டி சுற்றிப் போட்டால் பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கும் என்றால் தாராளமாகச் செய்யட்டும். அதன் பொருட்டு மருத்துவத்தையும் மேலே சொன்ன படிகளையும் தள்ளிப்போடக் கூடாது. அடிப்பது, பட்டினி போடுவது, கட்டி வைப்பது என்று எந்த இடத்திலாவது சொன்னால் உடனே பிள்ளையை அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

"எப்போது மனநல மருத்துவரிடம் போவது? மாத்திரை கொடுத்தால் பழகிவிடாதா? நாளை கல்யாணப் பேச்சில் இது வந்து நிற்குமே?"

இரண்டு மூன்று வாரம் முயன்றும் முன்னேற்றம் இல்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன, பிடித்த விளையாட்டையும் நண்பர்களையும்கூட விட்டுவிட்டான் என்றால் தாமதிக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இதற்குக் கட்டணமில்லை. நேரில் போகத் தயக்கமாக இருந்தால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதலில் தருவது, சிபிடி என்று மருத்துவர்கள் குறிப்பிடும் பேச்சுவழிச் சிகிச்சைதான். நான் சொன்ன படிகள் அதன் ஒரு பகுதியே. பதற்றமோ மனச்சோர்வோ கடுமையாக இருந்தால் மாத்திரையும் தருவார்கள். அவ்வகையில் அதிகம் தரப்படுபவை தூக்க மாத்திரைகள் அல்ல, போதைப் பழக்கம் போல அடிமைப்படுத்துபவையும் அல்ல. பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகலாம். முதல் சில வாரங்களில் பிள்ளையின் மனநிலையைக் கூர்ந்து கவனிக்க வேண்டும், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சிகிச்சை விவரங்களை மறைவாகக் காக்கும் உரிமையை அளிக்கிறது. கல்யாணப் பேச்சு வர இன்னும் பத்து ஆண்டு இருக்கிறது, பிள்ளைக்கு உதவி தேவைப்படுவதோ இப்போது.

"'சாகலாம் போல இருக்கிறது' என்று ஒருமுறை சொன்னாள். மிரட்டுகிறாளா?"

மிரட்டல் என்று ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அருகில் உட்கார்ந்து, "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, சொல்ல ஓர் ஆள் கிடைத்தார் என்ற ஆறுதல்தான் பிறக்கும். அன்றிரவு தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தும் வீட்டில் இருக்கும் மாத்திரைகளும் பூட்டுக்குள் போகட்டும். 14416-ஐ அழையுங்கள், உடனடி ஆபத்து என்றால் 108. அந்த வாரம் பள்ளி பற்றிய பேச்சே வேண்டாம்.

பள்ளி, டியூஷன், வேன் என்று குறிப்பிட்ட ஓர் ஆளோ இடமோ வரும்போது மட்டும் பிள்ளை உறைந்து போனால், பாலியல் சீண்டல் நடந்திருக்கலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள். இந்த நிலையில் படிப்படியாக அனுப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பிள்ளை சொல்வதை நம்புங்கள்; குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், 2012-இன் கீழ்ப் புகார் தர வேண்டும்.

"பொதுத் தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. வருகை நாட்களும் குறைந்துவிட்டன. என்ன செய்ய?"

முதலில் பள்ளியில் வருகைக் கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிபிஎஸ்இயில் 75 விழுக்காடு வருகை வேண்டும். 200 வேலை நாள் என்றால் 50 நாள்வரை விடுபடலாம் என்று கணக்கு. குறைந்தால் மருத்துவச் சான்றுகளோடு பள்ளி வழியாக விலக்குக் கோரலாம், எந்த வாரியமாக இருந்தாலும் அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். இந்த இரண்டு மாதத்தில் முழு நாள் வருகையைக் குறிக்கோளாக வைக்காமல், தேர்வுக் கூடத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பதை நோக்கிப் படிகளை அமையுங்கள். மாதிரித் தேர்வுகளைத் தனி அறையில் எழுத அனுமதி கேட்கலாம்.

இந்த முறை எழுத முடியாமல் போனால் துணைத் தேர்வு இருக்கிறது. பள்ளிக்கே திரும்ப முடியாத நிலை நீடித்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாகப் பத்தும் பன்னிரண்டும் முடிக்கலாம். ஐந்து ஆண்டுகளுக்குள், பாடம் பாடமாக எழுத அங்கே இடமுண்டு. மேற்கொண்டு சேர நினைக்கும் படிப்புக்கு அந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்பதை முன்பே எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். படிப்புக்கு அது வழியாகும். வெளியுலகத்தின் மீதான அச்சத்துக்கு வேண்டிய சிகிச்சை அதோடு சேர்ந்து நடக்க வேண்டும்.

"நன்றாகப் போய்க்கொண்டிருந்தான். பொங்கல் லீவு முடிந்ததும் மறுபடியும் அதே வயிற்றுவலி. எல்லாம் வீணா?"

வீணில்லை. நீண்ட விடுமுறை, காய்ச்சலால் எடுத்த விடுப்பு, புதிய ஆசிரியர் இவற்றுக்குப் பிறகு சறுக்குவது வழக்கம். ஏற்கெனவே எழுதி வைத்த படிகளில் இரண்டோ மூன்றோ கீழே இறங்கி உடனே தொடங்குங்கள். முன்பு வாரங்கள் எடுத்தவை இம்முறை சில நாட்களில் நடந்துவிடும். விடுமுறையின் கடைசி மூன்று நாள் பள்ளி நாளைப் போலவே எழுந்து, ஒருமுறை பள்ளி வாசல்வரை போய்வந்தால் திங்கட்கிழமை அவ்வளவு பாரமாக இராது.

"நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். ஒரு மாதம் கழித்துப் போகப் போகிறேன். எல்லாரும் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். என்ன சொல்வது சார்?"

ஒரே ஒரு பதிலை இன்றைக்கே முடிவு செய்து வைத்துக்கொள், அம்மா. "உடம்பு சரியில்லாமல் இருந்தது, இப்போது பரவாயில்லை. அக்கவுன்ட்ஸ் நோட்டு தருகிறாயா?" என்பது போல இருந்தால் போதும். அது பொய்யும் இல்லை, முழுக் கதையும் இல்லை. முழுக் கதையைக் கேட்க எல்லாருக்கும் உரிமை கிடையாது. கடைசியில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டால் பேச்சு அவர்கள் பக்கம் திரும்பிவிடும். கண்ணாடி முன்னால் நான்கைந்து முறை சொல்லிப் பார், பிறகு உன் அம்மாவிடம் ஒருமுறை சொல்லிப் பார். முதல் நாள் வாசலில் காத்திருக்க ஒரு தோழியிடம் முன்கூட்டியே சொல்லி வை. கேள்விகள் பெரும்பாலும் முதல் நாளோடு முடிந்துவிடும். மூன்றாம் நாள் உன்னிடம் யாராவது ஏதாவது கேட்டால், அது ரெக்கார்டு நோட்டு எழுதிவிட்டாயா என்பதாகத்தான் இருக்கும்.